அச்சத்தை முடித்துவைப்பவர் யார்? தொடக்ககாலத் திகில், அறிவியல் புனைவுத் திரைப்படங்களில் நீக்கமும் சேர்க்கையும்

ஆய்வுச் சுருக்கம்

திகில் திரைப்படங்களும் அறிவியல் புனைவுத் திரைப்படங்களும் வெளியான காலத்திலேயே தணிக்கையாளராலும் படநிறுவனங்களாலும் வெளிநாட்டு விநியோகத்தாராலும் மாற்றப்பட்டன. சில காட்சிகள் நீக்கப்பட்டன. சில காட்சிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. இம்மாற்றங்கள் படத்தின் நீளத்தை மட்டும் பாதிக்கவில்லை. அச்சத்திற்குப் பொறுப்பானவர் யார், அந்த அச்சம் முடிந்துவிட்டதா என்னும் இரு வினாக்களுக்குப் படம் தரும் விடையையே மாற்றின. ‘டாக்டர் காலிகரியின் அறை’ (1920), ‘மெட்ரோபோலிஸ்’ (1927), ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1931), ‘காட்சில்லா’ (1954), ‘உடல் பறிப்போரின் படையெடுப்பு’ (1956) ஆகிய ஐந்து படங்களின் வழி இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மூல வடிவமே எப்போதும் சிறந்தது என்னும் எளிய முடிவையும் இது மறுக்கிறது.

திறவுச்சொற்கள்: திகில் திரைப்படம், அறிவியல் புனைவு, தணிக்கை, கதைச்சட்டகம், பாடவேறுபாடு, மீட்டுருவாக்கம்.

முன்னுரை

ஒரு பழந்தமிழ் நூலை ஆராயப் புகுவோர் முதலில் கேட்கும் வினா, ‘எந்தப் பதிப்பு?’ என்பதாகும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்து, இடைச்செருகல்களை ஐயுற்று, அதன்பின் பொருள் காணும் முறை நம்மிடையே நூறாண்டுகளுக்கும் மேலாக வேரூன்றியது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முதல் இவ்வொழுக்கம் தமிழாய்வின் அடிப்படையாக நிலைபெற்றுவிட்டது. ஆனால் திரைப்படத்தை ஆராயும்போது இவ்வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கைக்கு எட்டிய பிரதியே படம் என்று கொண்டு, அதன் கருத்தியலைப் பற்றி உறுதியாகப் பேசிவிடுகிறோம்.

இப்போக்கு எல்லா வகைப் படங்களிலும் பிழைக்கு இடம் தருவதே. எனினும் திகில், அறிவியல் புனைவுப் படங்களில் அப்பிழை பெரிதாகிவிடுகிறது. காரணம், இவ்வகைப் படங்களின் பொருள் இரண்டு இடங்களில் திரண்டு நிற்கிறது. ஒன்று, தீங்கு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் இடம். மற்றொன்று, தீங்கு ஒழிந்ததா இல்லையா என்பதைச் சொல்லும் இறுதி. இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படும் ஐந்து படங்களிலும் பிறர் கைவைத்த இடங்கள் பெரும்பாலும் இவ்விரண்டுமே. அதனால் ஒரே பெயருடைய படத்தின் இரு வடிவங்கள் ஒன்றுக்கொன்று எதிரான கருத்தைச் சொல்லவும் கூடும்.

1. காலிகரி: சட்டகம் எதை மூடியது?

ராபர்ட் வீன இயக்கிய ‘டாக்டர் காலிகரியின் அறை’ 1920 பிப்ரவரியில் பெர்லினில் வெளியானது. ஹான்ஸ் யானோவிட்ஸ், கார்ல் மயர் ஆகிய இருவரும் திரைக்கதை எழுதினர். உறக்கத்தில் நடக்கும் செசாரே என்பவனைக் கருவியாக்கிக் கொலைகள் செய்விக்கும் காலிகரி, ஒரு மனநோய் மருத்துவமனையின் தலைவரே என்பது உட்கதை. இக்கதையைச் சொல்லும் பிரான்சிஸ் அந்த மருத்துவமனையில் அடைக்கப்பட்ட நோயாளி என்று படத்தின் இறுதி காட்டுகிறது. மருத்துவமனைத் தலைவரோ, பிரான்சிஸின் நோய் தனக்கு விளங்கிவிட்டதாகவும் அவனைக் குணப்படுத்த இயலும் எனவும் அமைதியாக அறிவிக்கிறார்.

ஸீக்ஃப்ரீட் க்ரகாவர் 1947இல் வெளியிட்ட ‘காலிகரியிலிருந்து ஹிட்லர் வரை’ என்னும் நூலில் இச்சட்டகத்தைக் கடுமையாகச் சாடினார். எழுத்தாளர் இருவரும் அதிகாரத்தின் வெறியை அம்பலப்படுத்த எண்ணினர். அவர்களது விருப்பத்திற்கு மாறாகச் சேர்க்கப்பட்ட சட்டகம், அதிகாரத்தை நியாயப்படுத்தி, அதை எதிர்த்தவனைப் பித்தன் ஆக்கிவிட்டது என்பது அவரது வாதம். யானோவிட்ஸின் நினைவுக்குறிப்பே இதற்கு அவர் கொண்ட முதன்மைச் சான்று.

பிற்காலத்தில் மூலத் திரைக்கதையின் படி ஒன்று ஆய்வாளர் கைக்கு வந்தது. காலிகரியாக நடித்த வெர்னர் க்ராவுஸ் வைத்திருந்த படி அது. 1995இல் அச்சேறிய அத்திரைக்கதையிலும் ஒரு சட்டகம் இருந்தது. ஆனால் அது வேறுவகையானது. பிரான்சிஸும் ஜேனும் மணம் புரிந்து வாழும் பிற்காலத்தில், நண்பர்களிடம் பழைய நிகழ்ச்சியாக இக்கதை சொல்லப்படுகிறது. ஆகவே ‘சட்டகமற்ற புரட்சிக் கதை’ ஒன்று முதலில் இருந்தது என்னும் க்ரகாவரின் கூற்று அப்படியே நிற்காது. அதேவேளை, சொல்பவனைப் பித்தனாக்கும் திருப்பம் மூலத்தில் இல்லை என்பதும் உறுதியாகிறது. அவர் வாதத்தின் ஒரு பாதி தளர்ந்தது, மறுபாதி நிலைத்தது.

இங்குக் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி காட்சியமைப்பில் உள்ளது. ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் ஆகியோர் தீட்டிய கோணலான சுவர்களும் சாய்ந்த சாளரங்களும் பித்தனின் பார்வையைக் குறிப்பன என்றால், சட்டகத்திற்குத் திரும்பியதும் அவை நேராகியிருக்க வேண்டும். ஆனால் உட்கதையில் கண்ட அதே மருத்துவமனை முற்றம், தரையில் விரியும் அதே கதிர்க்கோடுகளுடன், இறுதிச் சட்டகத்திலும் வருகிறது. கதை ‘இது பித்து’ என்கிறது. அரங்கமோ ‘உலகமே இப்படித்தான்’ என்கிறது. தீர்ப்பைத் திருத்தியவர்கள் அரங்கத்தைத் திருத்தவில்லை. ஆகவே சட்டகம் அச்சத்தை மூட முயன்றது. முழுவதும் மூட இயலவில்லை என்பதே இப்படத்திற்குப் பொருந்தும் முடிவு.

2. மெட்ரோபோலிஸ்: இழந்த பெயரும் இழந்த காரணமும்

ஃபிரிட்ஸ் லாங் இயக்கி, தெயா ஃபொன் ஹார்பு எழுதிய ‘மெட்ரோபோலிஸ்’ 1927 ஜனவரியில் பெர்லினில் திரையிடப்பட்டது. விரைவிலேயே அமெரிக்க வெளியீட்டிற்காகவும் பின்னர் ஜெர்மானிய மறுவெளியீட்டிற்காகவும் அது பெரிதும் குறைக்கப்பட்டது. அமெரிக்க வடிவத்தை நாடக ஆசிரியர் சானிங் பொலாக் அமைத்தார். அப்போது நீங்கிய கூறுகளுள் முதன்மையானது ஹெல் என்னும் பெண்ணின் கதை. அப்பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்திருந்தது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

ஹெல் படத்தில் உயிருடன் தோன்றும் பாத்திரம் அல்லள். அவள் அறிவியலாளன் ரோட்வாங்கின் காதலி. பின்னர் நகரத் தலைவன் ஃபிரடர்சனை மணந்து, மகனைப் பெற்றெடுத்தபோது இறந்தவள். ரோட்வாங் செய்யும் இயந்திரப்பெண், இழந்தவளை மீண்டும் பெறும் முயற்சியாகும். இக்கண்ணி அறுந்ததும், ஒரு மனிதனின் துயரத்திலிருந்து பிறந்த இயந்திரம், காரணமற்ற அறிவியல் வெறியின் விளைவாகத் தோன்றத் தொடங்கியது. நகரத் தலைவனுக்கும் அறிவியலாளனுக்கும் இடையிலான பகை மறைந்தது. பித்துப்பிடித்த அறிவியலாளன் என்னும் வாய்பாட்டுப் பாத்திரத்திற்கு ரோட்வாங் முன்னோடி எனப் பல்லாண்டுகள் எழுதப்பட்டது. அவ்வாறு எழுதியோர் கண்டது இக்குறைவடிவத்தையே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

2008இல் அர்ஜென்டினாவின் போனஸ் ஐரிஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில், நெடுநாள் காணாமற்போன காட்சிகள் அடங்கிய 16 மி.மீ. பிரதி ஒன்று கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் அதனால் மீண்டன. மீட்டுருவாக்கப்பட்ட படம் 2010இல் திரையிடப்பட்டது. அக்காட்சிகளில் கீறல்கள் மிகுதி. படச்சட்டத்தின் அளவும் வேறுபடுகிறது. அந்தத் தழும்புகளை மீட்டுருவாக்கம் மறைத்துவிடவில்லை. எது எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போர் கண்ணாலேயே அறியலாம். செல்லரித்த ஏட்டில் எழுத்துச் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியரின் நேர்மைக்கு இது ஒப்பாகும்.

3. ஃபிராங்கன்ஸ்டைன்: தணிக்கை பெருக்கிய குற்றம்

யுனிவர்சல் நிறுவனத்திற்காக ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1931 நவம்பரில் வெளியானது. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலிலிருந்து இப்படம் பல இடங்களில் விலகுகிறது. அவற்றுள் ஒன்று மூளை பற்றியது. உதவியாளன் ஃபிரிட்ஸ், நல்ல மூளை இருந்த கண்ணாடிக் கலத்தைத் தவறவிட்டு உடைத்துவிடுகிறான். குற்றவாளி ஒருவனின் மூளையை எடுத்துச் செல்கிறான். ஆகவே படைப்புயிர் கொடியதாவதற்குப் படம் முதலில் தரும் விளக்கம், அது பிறவிக் குற்றம் என்பதே.

ஆனால் படத்தின் உள்ளேயே இவ்விளக்கத்தை மறுக்கும் சான்று ஒன்று உண்டு. ஏரிக்கரையில் மரியா என்னும் சிறுமி, போரிஸ் கார்லஃப் நடித்த படைப்புயிரைக் கண்டு அஞ்சாமல் விளையாட அழைக்கிறாள். இருவரும் மலர்களை நீரில் எறிகின்றனர், மலர்கள் மிதக்கின்றன. மலர்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் எனக் கருதி அது அவளைத் தூக்கி நீரில் எறிகிறது. அவள் மூழ்குகிறாள். அது திகைத்துத் தடுமாறி ஓடுகிறது. இதில் அறியாமை உண்டு, கொடுமை இல்லை. உலகை யாரும் கற்பிக்காத ஓர் உயிர் செய்த பிழையே அது. கற்பிக்க வேண்டியவர், அதனைப் படைத்துவிட்டுக் கைவிட்டவர்.

அமெரிக்க மாநிலத் தணிக்கைக் குழுக்கள் சில தொடக்கத்திலேயே இக்காட்சியை எதிர்த்தன. 1934 முதல் ஹாலிவுட்டின் தயாரிப்பு விதித்தொகுப்பு கண்டிப்புடன் செயற்படுத்தப்பட்டது. 1930களின் பிற்பகுதியில் படம் மறுவெளியீடு கண்டபோது, படைப்புயிர் சிறுமியை நோக்கிக் கைகளை நீட்டும் இடத்திலேயே காட்சி வெட்டப்பட்டது. அடுத்து நாம் காண்பது, திருமணக் கொண்டாட்டத்தில் ஆடிப்பாடும் ஊரின் நடுவே தந்தை தன் மகளின் உடலைச் சுமந்து நடந்துவரும் காட்சி. இடையில் நிகழ்ந்ததைக் காண்போர் தாமே கற்பனை செய்ய வேண்டியதாயிற்று. அக்கற்பனை, நீக்கப்பட்ட காட்சியைவிடக் கொடியதாகவே அமையும். கண்ணியம் காக்க எண்ணிய வெட்டு கண்ணியமற்ற ஐயத்தை விதைத்தது.

அதே மறுவெளியீட்டில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. உயிர் அசைவதைக் கண்ட ஃபிராங்கன்ஸ்டைன், கடவுளாக இருப்பது எப்படியென இப்போது அறிந்துகொண்டதாகக் கூவும் உரையாடல், இடியோசையால் மூடப்பட்டது. இவ்விரு மாற்றங்களையும் தனித்தனியே நோக்கினால் ஒன்று வன்முறை பற்றியது, மற்றது சமயம் பற்றியது எனத் தோன்றும். சேர்த்து நோக்கினால் அவற்றின் திசை ஒன்றே. படைத்தவனின் செருக்கு அடக்கி வைக்கப்படுகிறது. படைக்கப்பட்டதன் குற்றம் பெருக்கப்படுகிறது. பொறுப்பு மேலிருந்து கீழே தள்ளப்படுகிறது. குற்றவாளி மூளை என்னும் விளக்கத்திற்கு எதிரான முதன்மைச் சான்று மறைந்தபின், அவ்விளக்கமே படத்தின் கருத்தாக எஞ்சுகிறது. 1980களில் ஏரிக்கரைக் காட்சி மீண்டும் இணைக்கப்பட்டது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் இப்படத்தைக் கண்டு, ‘பிறவிக் கொடியவன்’ எனத் தீர்ப்பெழுதிய திறனாய்வாளரைக் குறைகூற இயலாது. அவர்கள் கண்ட படம் அதைத்தான் சொன்னது.

4. இரு சட்டகங்கள், ஒரே ஆண்டு

1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான இரண்டு படங்கள், சேர்க்கையின் ஆற்றலை விளக்கப் போதுமானவை.

முதலாவது, டான் சீகல் இயக்கிய ‘உடல் பறிப்போரின் படையெடுப்பு’. ஜாக் ஃபின்னியின் கதையைத் தழுவியது. சாண்டா மீரா என்னும் சிற்றூரில், பெரிய விதைக்காய்களிலிருந்து மனிதரைப் போன்ற உருவங்கள் தோன்றி, உறங்குவோரின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முகமும் நினைவும் அப்படியே இருக்கும். உணர்ச்சி மட்டும் இராது. தப்பியோடும் மருத்துவர் மைல்ஸ் நெடுஞ்சாலையில் விரையும் ஊர்திகளுக்கிடையே நின்று, திரையை நோக்கி எச்சரித்துக் கதறுவதோடு படம் முடிய வேண்டும் என்பது இயக்குநரின் திட்டம். படநிறுவனம் அதை ஏற்கவில்லை. மருத்துவமனையில் மைல்ஸ் நடந்ததைச் சொல்வதாக முன்னும், விதைக்காய்களை ஏற்றிவந்த சரக்குந்து ஒன்று விபத்துக்குள்ளானதால் அவனது கூற்று நம்பப்படுவதாகப் பின்னும் காட்சிகள் சேர்க்கப்பட்டன. மருத்துவர் ஒருவர் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்வதோடு படம் நிறைவடைகிறது.

இச்சேர்க்கை உட்கதையோடு நேராக முரண்படுகிறது. உட்கதையில் மைல்ஸ் அதே துறையைத் தொலைபேசி வழி அழைக்கிறான். இணைப்பகத்திலிருந்து விடையில்லை என்னும் மறுமொழியே வருகிறது. தொலைபேசி இணைப்பகமும் காவல்துறையும் முன்னரே பறிபோய்விட்டன என்பதே படத்தின் மைய அச்சம். அப்படியிருக்க, மற்றொரு தொலைபேசி அழைப்பால் உலகம் காக்கப்படும் என நம்பச் சொல்கிறது சட்டகம். இப்படம் பொதுவுடைமை அச்சத்தைப் பேசுகிறதா, அன்றைய அமெரிக்காவின் ஒருமைப்படுத்தும் சமூகத்தைப் பேசுகிறதா என்னும் விவாதம் நெடிது. அவ்விவாதத்தில் பெரும்பங்கு சட்டகத்தைக் கணக்கில் கொள்வதையும் விடுவதையும் பொறுத்தது. சட்டகத்தோடு நோக்கினால் அரசு மீட்பர். சட்டகமின்றி நோக்கினால் மீட்பர் எவருமில்லை.

இரண்டாவது படம் ஜப்பானியப் படமொன்றின் மறுவடிவம். தோஹோ நிறுவனத்திற்காக இஷிரோ ஹோண்டா இயக்கிய ‘காட்சில்லா’ 1954 நவம்பர் 3 அன்று வெளியானது. அதே ஆண்டு மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினி பவளத்தீவில் நிகழ்த்திய நீரியக் குண்டுச் சோதனையில், 23 பேர் இருந்த ஐந்தாம் நற்பேற்று நாகம் என்னும் மீன்பிடிப் படகு கதிர்வீச்சுச் சாம்பலுக்கு ஆளானது. அதன் வானொலி இயக்குநர் செப்டம்பரில் இறந்தார். கதிர்வீச்சேறிய மீன் சந்தைக்கு வந்ததால் நாடெங்கும் அச்சம் பரவியது. படத்தின் தொடக்கத்தில் கடலில் எழும் ஒளியும், எரிந்து மூழ்கும் கப்பலும் அன்றைய ஜப்பானியருக்கு விளக்கம் தேவையற்ற குறிப்புகளாகும். 1952 வரை நீடித்த நேசநாட்டு ஆளுகையின் போது அணுகுண்டு பற்றிய பேச்சு தணிக்கைக்கு உட்பட்டிருந்தது என்பதையும் உடன் எண்ண வேண்டும். தொடர்வண்டியில் செல்லும் பெண் ஒருத்தி, நாகசாகியில் தப்பிப் பிழைத்ததையும் கதிர்வீச்சேறிய சூரைமீனையும் காட்சில்லாவோடு ஒருசேரச் சலிப்புடன் பேசுவது, வெளிப்படப் பேச இயலாதிருந்த துயரம் அன்றாடப் பேச்சாக வெளிவந்த தருணம்.

1956இல் அமெரிக்காவில் வெளியான வடிவம் 96 நிமிடப் படத்தை ஏறத்தாழ 80 நிமிடமாகக் குறைத்தது. ரேமண்ட் பர் நடித்த அமெரிக்கச் செய்தியாளரின் காட்சிகள் புதிதாகப் படமாக்கப்பட்டு இடையிடையே பொருத்தப்பட்டன. அழிந்த தோக்கியோவில் அவர் விழித்தெழுந்து, நடந்ததைத் திரும்பிப் பார்ப்பதாகக் கதை அமைந்தது. தொடர்வண்டி உரையாடல் நீங்கியது. அணுகுண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் மற்றொரு காட்சில்லா தோன்றக்கூடும் என்று, தகாஷி ஷிமுரா நடித்த முதிய அறிஞர் யமானே இறுதியில் எச்சரிப்பதும் நீங்கியது. அதன் இடத்தில், தீங்கு ஒழிந்தது, உலகம் இனி வாழலாம் என்னும் ஆறுதல் வந்தது.

நடுநிலையோடு இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீரியக் குண்டுச் சோதனையே காட்சில்லாவை எழுப்பியது என்னும் செய்தியை அமெரிக்க வடிவம் நீக்கவில்லை. காட்சில்லாவை உலகறியச் செய்ததும் அவ்வடிவமே. அது நீக்கியது காரணத்தை அன்று, நினைவையும் பொறுப்பையும். காரணம் ஓர் அறிவியல் செய்தியாக எஞ்சியது. அது யாருக்கு நேர்ந்தது, மீண்டும் நேருமா என்பவை மறைந்தன. பாதிக்கப்பட்டோர் தம் கதையைத் தாமே சொல்லும் படம், வெளியிலிருந்து வந்த ஒருவர் கண்டு சொல்லும் படமாயிற்று.

5. ஓர் எதிர்வாதம்

திரைப்படம் ஒருவர் ஆக்கம் அன்று. தயாரிப்பாளரும் தணிக்கையாளரும் அதன் ஆக்கத்தில் பங்குடையோர். ஆகவே ‘மூலம்’ என ஒன்றைத் தேடுவதே பொருந்தாது என்று கூறலாம். இவ்வாதம் வலியது. காலிகரியில் மூலத்தைத் தேடிச் சென்றபோது கிட்டியது மற்றொரு சட்டகமே. காலிகரி படத்தின் சட்டகத்தைக் களைந்துவிட்டுப் பார்ப்பவர், 1920இல் எவரும் காணாத ஒரு படத்தைப் பார்க்கிறார்.

இவ்வாதத்தை ஏற்பதால், எந்த வடிவமும் ஒன்றே என்னும் முடிவு கிட்டாது. மாறாக, ஒவ்வொரு வடிவமும் அதன் ஆண்டிற்குச் சான்றாகிறது. 1931இன் ஃபிராங்கன்ஸ்டைன் ஒரு சான்று. விதித்தொகுப்பு வெட்டிய ஃபிராங்கன்ஸ்டைன் மற்றொரு சான்று. முன்னதன் துணைகொண்டு பின்னதன் காலத்தைப் பற்றியோ, பின்னதன் துணைகொண்டு முன்னதன் படைப்பாளரைப் பற்றியோ முடிவு கூறுவதே பிழை. இடைச்செருகல் எனத் தெரிந்த பாடலும், அதைச் செருகிய காலத்தைப் பற்றி உண்மை பேசும்.

முடிவுரை

மேற்கண்ட ஐந்து படங்களிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, நீக்கம் பெரும்பாலும் பொறுப்பை இடம்பெயரச் செய்கிறது. ஹெல் நீங்கியபோது துயரம் வெறியாயிற்று. மலர்கள் மிதந்த ஏரியின் காட்சி குறைந்தபோது அறியாமை கொடுமையாயிற்று. இரண்டாவது, சேர்க்கை பெரும்பாலும் அச்சத்திற்கு முடிவு கட்டுகிறது. மருத்துவர், புலனாய்வுத் துறை, செய்தியாளர் ஆகியோர் சட்டகத்தில் வந்து நின்று, இனி அஞ்ச வேண்டியதில்லை என்கின்றனர். மூன்றாவது, இம்மாற்றங்கள் தம் நோக்கத்தை முழுவதும் எய்துவதில்லை. காலிகரியின் கோணல் முற்றமும் சாண்டா மீராவின் விடையற்ற தொலைபேசியும் சட்டகத்தை மீறிப் பேசிக்கொண்டே இருக்கின்றன.

ஆதலின் இத்துறையில் புகும் ஆய்வாளர், தாம் கண்டது எந்த வடிவம், எவ்வளவு நேரம் ஓடுவது, எப்போது எவரால் வெளியிடப்பட்டது என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே குறிப்பிடுதல் இன்றியமையாதது. இது சிறு ஒழுங்காகத் தோன்றலாம். ஆனால் பிகினியின் சாம்பலுக்கு ஆளானோரின் நினைவு ஒரு படத்தில் இருக்கிறதா இல்லையா என்பது இவ்வொழுங்கைப் பொறுத்ததாக இருக்கும்போது, அதைச் சிறிதென்று ஒதுக்குவதற்கில்லை.